இரண்டு முறை தூக்கிய இறக்கை

ஒருவர் தன் கண்ணால் கண்டதை ஊரில் வேறு எவரும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், அது எத்தனை வருஷத்துக்கு அவர் கண்டதாகவே இருக்கும்? முதல் வருஷம் சிக்கல் இல்லை. பத்தாவது வருஷம்? இருபத்தாறாவது வருஷம்? நினைவை வெளியே எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நம் விரல் அடையாளம் அதில் படுகிறது. கடைசியில் நாம் பார்ப்பது நடந்ததையா, நம் விரல் அடையாளங்களையா?

நெட்டா வீபை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. அவர் இதை இப்படிக் கேட்டிருக்க மாட்டார். ஏரிக்கரைச் சிற்றூரான ஹேவிலண்டில் முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். சுருக்கமாகப் பேசுவார், எளிதில் சிரிக்க மாட்டார். அவரை நல்ல பெண்மணி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். பிடிவாதக்காரி. ஒருவர் மேல் மனம் கசந்துவிட்டால் வருஷக்கணக்கில் அந்த முகத்தைப் பார்க்காமலே வணக்கம் சொல்லத் தெரிந்தவர். ஆனால் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு முறை சொன்னாரோ என்னவோ. அதைத்தான் எழுத வந்தேன்.

நான் ஹேவிலண்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். 1996-இல் இங்கே வந்த முதல் வசந்தத்திலேயே பறவைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கையெழுத்து புரிகிறது என்பதற்காக மூன்றாவது வருஷம் செயலாளராக்கினார்கள். மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஆல்டர் க்ரீக் சதுப்புக்குப் போவது சங்கத்தின் பெரிய நாள். விடியலில் கரைமேட்டில் கூடுவோம், பகல் முழுக்க நடப்போம், மாலை ஐந்து மணிக்கு எல்ஸியின் உணவு விடுதியில் உட்கார்ந்து பட்டியல் வாசிப்போம். பொரித்த மீனும் காப்பியும் வரும். செயலாளர் பறவைப் பெயர்களை வரிசையாக வாசிப்பார், பார்த்தவர்கள் எண்ணிக்கையைச் சொல்வார்கள். விதி ஒன்றுதான். ஒரு பெயருக்கு இரண்டு குரல் வேண்டும். ஒரே குரல் என்றால் செயலாளர் பேனாவைத் தூக்கிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். சங்கத்தை ஆரம்பித்தவர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு நம்பினார்கள் என்பதை அந்த விதியில் பார்க்கலாம்.

நெட்டாவின் கதை 1988-ஆம் வருஷத்து மே சனிக்கிழமையில் தொடங்குகிறது. நான் அப்போது இங்கில்லை. ஆனால் அன்றிரவே அவர் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு சங்கத்துப் பெட்டியில் இருக்கிறது.

அன்று வடக்குக் கரைமேட்டில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் நெட்டா, வயது நாற்பத்தைந்து, பறவை பார்க்கத் தொடங்கி நான்கு வருஷம். மற்றவர் ராஸ் மக்கல்லம், உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர், எங்கள் பக்கத்தில் பறவை என்றால் அவர் சொல்தான் கடைசிச் சொல். எதிரே சேற்றுத் திட்டில் ஒரு மூக்கன் இரை தேடிக்கொண்டிருந்தது. மூக்கன் என்பது நீளக் கால்களும் அதைவிட நீளமாகத் தோன்றும் அலகும் கொண்ட கரைப்பறவை. மே மாதத்தில் எங்கள் சதுப்பில் இரண்டொன்று இறங்கிப் போகும், அவை எல்லாம் ஹட்சன் மூக்கன். கருவால் மூக்கன் என்று இன்னொன்று உண்டு. கடல் கடந்தால் அது ஆயிரக்கணக்கில் இருக்கிறது, எங்கள் ஏரிக்கரையில் அதுவரை எவரும் கண்டதில்லை. நிற்கும்போது இரண்டுக்கும் குழப்பம் வரலாம். இறக்கையைத் தூக்கினால் குழப்பமில்லை. ஹட்சனுக்கு இறக்கையின் அடிப்பக்கம் கறுப்பு, கருவாலுக்கு வெள்ளை.

குறிப்பில் நெட்டா எழுதியிருப்பது இவ்வளவுதான்: 'ராஸ் ஹட்சன் என்றார். நான் தொடர்ந்து பார்த்தேன். இறக்கையை இரண்டு முறை தூக்கியது. முதல் முறை சேற்றில் நின்றபடி. இரண்டாவது முறை உடைந்த வேலிக்கம்பத்தின் அருகில், பறப்பதற்கு முன். இரண்டு முறையும் அடிப்பக்கம் வெள்ளை. ஏரிப் பக்கம் போய்விட்டது.'

அன்று மாலை எல்ஸியின் விடுதியில் பட்டியலில் இல்லாத கருவால் மூக்கன் என்ற பெயரை நெட்டாவே சொன்னார். எல்லோரும் ராஸைப் பார்த்தார்கள். ராஸ் காப்பியைக் கலக்கிக்கொண்டே, "நான் அந்த நேரம் வேற பக்கம் பார்த்துக்கிட்டிருந்தேன். நான் பார்த்தவரைக்கும் அது ஹட்சன்தான்" என்றாராம். இரண்டாவது குரல் இல்லை. பேனா அடுத்த பெயருக்குப் போய்விட்டது.

நெட்டா விடவில்லை. குறிப்பை வட்டாரப் பதிவுக் குழுவுக்கு அனுப்பினார். ஐந்து பேர் கொண்ட குழு அது, அரிய பறவை என்று யார் சொன்னாலும் அவர்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டால்தான் ஏடேறும். அந்த இலையுதிர் காலத்தில்தான் ராஸும் குழுவில் சேர்ந்திருந்தார். தன் சங்கத்துப் பதிவு என்று சொல்லி அவர் இந்த வாக்கெடுப்பிலிருந்து ஒதுங்கிக்கொண்டார், குறிப்பின் நகலைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அது பெரிய நேர்மை என்று அப்போது பேசப்பட்டது. பதில் நவம்பரில் வந்தது: ஏற்கப்படவில்லை, ஒரே பார்வையாளர், அனுபவம் குறைவு, ஹட்சன் மூக்கனைத் தவறாகப் பார்த்திருக்கலாம்.

சின்ன ஊரில் இதெல்லாம் ஒரு தாளோடு நிற்பதில்லை. ராஸின் மாணவர்கள்தான் நெட்டாவின் பேருந்தில் பயணிகள். ஜனவரிக்குள் 'வெள்ளை இறக்கை' என்ற பெயர் பின் இருக்கையிலிருந்து முன் இருக்கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. சதுப்பை ஒட்டிய வளைவில் தினமும் அரை நிமிஷம் என்ஜினை அணைத்து ஜன்னலைத் திறப்பது நெட்டாவின் வழக்கம். அதுவரை அது குழந்தைகளுக்கு ஒரு வேடிக்கையாக இருந்தது. பிறகு, "மேடம், வெள்ளையா எதாச்சும் தெரியுதா?" என்று யாராவது கத்துவார்கள், பேருந்தே சிரிக்கும். அடுத்த வருஷம் அவர் என்ஜினை அணைப்பதை நிறுத்திவிட்டார்.

சங்கத்தில் கேலி இன்னும் மரியாதையாக நடந்தது. பர்ட் லெமியூ என்று ஒரு தச்சர் இருந்தார், சங்கத்தின் விதூஷகர். வருஷா வருஷம் பட்டியலில் ஹட்சன் மூக்கன் வந்ததும் அவர் குரலைத் தாழ்த்தி, "அடுத்து, கருவால் மூக்கன்?" என்பார். எல்லாத் தலையும் நெட்டாவின் பக்கம் திரும்பும். நெட்டா, "இல்ல பர்ட்" என்பார். சிரிப்பு எழும். பிறகு மேலே போவோம். நானும் சிரித்திருக்கிறேன். வழக்கம் என்று ஆகிவிட்டால் எதைச் செய்கிறோம் என்று பார்ப்பதை மனம் விட்டுவிடுகிறது.

அவரிடம் வந்த மாற்றம் ஒன்றை நான் புரிந்துகொள்ளவே பல வருஷம் ஆயிற்று. நெட்டா எந்தப் பறவையின் பெயரையும் முதலில் சொல்ல மாட்டார். அவர் கண் எங்கள் எல்லோருடையதையும்விடக் கூர்மை. நாணல் அசைவதை வைத்தே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் பக்கத்தில் நிற்பவரின் முழங்கையைத் தொட்டு, "அதோ, அந்த ரெண்டாவது கொத்துல. நீயே பாரு" என்பார். அவர் பார்த்துப் பெயரைச் சொல்வார். நெட்டா தலையசைப்பார். அந்தப் பறவை சொன்னவர் பேரில் எழுதப்படும். பர்ட் பெருமையடித்துக்கொள்ளும் நான்கு அரிய பறவைகளில் மூன்று நெட்டாவின் முழங்கைத் தொடல்கள். பர்ட்டுக்கே அது தெரியாது.

ஆனால் நெட்டா அந்த மூக்கனை விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். குழுவின் மறுப்புக் கடிதம் அவர் சமையலறை இழுப்பறையில் கரண்டிகளோடு கிடந்தது. புதிதாக எந்தப் பறவைக் கையேடு வந்தாலும் நூலகத்தில் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பார். 92-இலும் 99-இலும் 2007-இலும் புதிய விவரங்களோடு குழுவுக்கு மறுபடி எழுதினார். மூன்று முறையும் ராஸ் முன்போலவே ஒதுங்கிக்கொண்டார், அதே பதில்தான் வந்தது: இரண்டாவது பார்வையாளர் இல்லை. அவர் கணவர் பீட் தக்காளித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், பறவைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஒருமுறை என் கடையில் மருந்துக்குக் காத்திருந்தபோது சொன்னார்: "நான் கேட்டேன் அவகிட்ட. உனக்குத் தெரியும், அந்தப் பறவைக்குத் தெரியும். நடுவுல மூணாவது ஆளு எதுக்குடின்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? எனக்கு நடுவுல சந்தேகம் வந்துடுது பீட், அதுக்குத்தான் மூணாவது ஆளுங்கிறா."

பீட் 2010-இல் போய்விட்டார்.

2014-ஆம் வருஷத்து மே சனிக்கிழமை குளிராக இருந்தது. வடகிழக்குக் காற்று ஏரியிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தது. பதினோரு பேர்தான் வந்திருந்தோம். ராஸ் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எண்பத்து மூன்று வயது, முந்தின குளிர்காலத்தில் இதயம் இரண்டு முறை அடைத்து மீண்டிருந்தது. மகள் காரில் கொண்டுவந்து இறக்கினாள். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு கரைமேட்டில் இருபது அடி வைப்பார், பிறகு நின்று காற்றைத் தேடுவார். வடக்குக் கரைமேடு வரை போகவேண்டும் என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை. மருந்துச் சீட்டைப் படித்தவனுக்கு இது அவருடைய கடைசி வசந்தம் என்று தெரியும்.

வடக்குக் கரைமேட்டில் ஒரு பெஞ்சு இருக்கிறது. நெட்டா ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். ராஸ் வந்து மறு ஓரத்தில் அமர்ந்தார். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்கார இடமிருந்தது. நானும் பர்ட்டும் பின்னால் நின்றோம்.

"எல்லாம் நாணலா போச்சு" என்றார் ராஸ். அந்தப் பழைய சேற்றுத் திட்டில் பாதிக்கு மேல் ஆள் உயர நாணல் மூடியிருந்தது.

"ஆமா, பத்து வருஷமா" என்றார் நெட்டா.

"நான் கவனிக்கல."

"நீங்க பறவை பாக்குற கோபுரத்துப் பக்கமே நின்னுடுவீங்க. இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு."

நெட்டா என் முழங்கையைத் தொட்டார். "அந்தக் கடைசிச் சேத்துல. நீயே பாரு."

நான் பார்த்தேன். செங்கல் நிற மார்பு, நீள அலகு. "மூக்கன்" என்றேன்.

பர்ட்டுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஐயோ, எல்லாரும் மூச்ச அடக்குங்க! நெட்டா, வெள்ளையா கறுப்பா? இப்பவே சொல்லிடு, சாட்சிக்கு நாங்க இருக்கோம்."

"உன் மூஞ்சியில ரெண்டு கண்ணு இருக்குல்ல பர்ட், அதுக்கும் கொஞ்சம் வேலை குடு."

காற்று ஒரு முறை வேகமாக அடித்தது. பறவை நிலை தடுமாறி இறக்கையைத் தூக்கியது. அடிப்பக்கம் புகைபோக்கியின் உட்புறம்போல் கறுப்பாக இருந்தது. "கறுப்பு!" என்று பர்ட் கைதட்டினார். பின்னால் வந்தவர்களும் சிரித்தார்கள். நெட்டாவும் உதட்டை லேசாகக் கோணினார். சிரிக்காமல் இருந்தவர் ராஸ் மட்டும்தான். அவர் அந்தப் பறவையைப் பார்க்கவே இல்லை. நாணலுக்குள் பாதி மூழ்கியிருந்த ஒரு மட்கிய கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. இதயம்தான் என்று நினைத்து, "ராஸ், வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இது அந்த வலி இல்ல" என்றார்.

மாலை எல்ஸியின் விடுதியில் நீள மேசையில் உட்கார்ந்தோம். மீன் வந்தது. ராஸ் அதைத் தொடவில்லை. நான் பட்டியலை வாசித்தேன். வாத்துகள் முடிந்தன, கொக்குகள் முடிந்தன, கரைப்பறவைகள் வந்தன.

"ஹட்சன் மூக்கன்?"

"ஒண்ணு" என்று நான்கைந்து குரல்கள்.

பர்ட் முள்கரண்டியை உயர்த்தினார். "அடுத்து, கருவால் மூக்கன்?"

தலைகள் நெட்டாவின் பக்கம் திரும்பின. நெட்டா வாயைத் திறக்குமுன் மேசையின் மறுகோடியிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணு. மே மாசம், எண்பத்தெட்டு."

முதலில் சிலர் சிரித்தார்கள். ராஸும் கேலியில் சேர்ந்துகொண்டார் என்று நினைத்தார்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அங்கங்கே நின்றது.

"ராஸ், விளையாடுறீங்களா?" என்றார் பர்ட்.

"இல்லப்பா. நானும் பார்த்தேன். வெள்ளைதான்."

எல்ஸியின் பெண் காப்பிக் கூஜாவோடு வந்தவள் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். நெட்டா ராஸை நேராகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் ராஸை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"எத்தனை தடவை தூக்குச்சு?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"ரெண்டாவது எங்க?"

"உடைஞ்ச வேலிக்கம்பத்துக்கிட்ட. பறக்கறதுக்கு முன்னாடி."

கம்பம், இரண்டு முறை என்பதெல்லாம் அந்தப் பெட்டிக் குறிப்பிலும் குழுவுக்குப் போன அதன் நகலிலும் மட்டுமே இருக்கிறது. கேலியில் எப்போதும் 'ஒரு நொடி இறக்கை தெரிந்ததாம்' என்றுதான் வரும். ராஸ் அந்தக் குறிப்பைப் படித்ததில்லை. படிக்காமல் ஒதுங்கிக்கொண்டதற்குத்தானே அவரைப் பாராட்டினார்கள்.

ராஸ் தொடர்ந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று மூச்சு வாங்கினார். "அது இறக்கைய தூக்கறதுக்கு முன்னாடியே நான் ஹட்சன்னு சொல்லிட்டேன். சத்தமா சொல்லிட்டேன். அப்புறம்தான் வெள்ளை தெரிஞ்சுது. நாலு வருஷம் பழகுன பொம்பள கண்டுபிடிச்சுட்டா, நான் தப்பா சொல்லிட்டேன். அந்த மாசம்தான் என் பேர குழுவுக்குச் சொல்லியிருந்தாங்க. வாய மூடிக்கிட்டேன். சாயங்காலம் சரி பண்ணிடலாம்னு நினைச்சேன். சாயங்காலம் எல்லாரும் என் மூஞ்சியப் பார்த்தாங்க. அப்புறம் அடுத்த நாளு. அப்புறம்..." கையை விரித்தார். "அவ்வளவுதான் நெட்டா. வேற பெரிய காரணம் ஒண்ணுமில்ல. பெரிய காரணமா இருந்திருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்."

நான் நிறைய ஒப்புதல்களைப் படித்திருக்கிறேன், பெரும்பாலானவை தன்னை அலங்கரித்துக்கொள்பவை. இதில் அலங்காரமில்லை. அதற்காக இதைப் பெரிய செயல் என்றும் சொல்ல மாட்டேன். கதவு மூடப்போகும்போது சாவியை நீட்டுவது சிரமமில்லை. இருபத்தாறு வருஷம் அந்த வாக்கியம் அவர் பையில் இருந்தது. அவர் மாணவர்கள் பேருந்தில் கத்தியது அவருக்கும் கேட்டிருக்கும்.

எல்லோரும் நெட்டாவுக்காகக் காத்திருந்தோம். அழுவார் என்றோ கத்துவார் என்றோ நினைத்தேன். நினைத்ததைவிட, விரும்பினேன் என்பதுதான் உண்மை. நெட்டா என் பக்கம் திரும்பினார்.

"ஏன் நிறுத்திட்ட? அடுத்தது என்ன?"

"நெட்டா..."

"மீன் ஆறுது. வாசி."

நான் தாளைப் பார்த்தேன். "கல்திருப்பி உள்ளான்?"

"நாலு" என்றார் நெட்டா. மேசையில் அதுதான் முதல் குரல்.

இரண்டு நாள் கழித்து ராஸ் தன் கையால் சாட்சிக் கடிதம் எழுதி எனக்கு அனுப்பினார். நடுங்கும் எழுத்து, ஆனால் எதையும் மறைக்கவில்லை. நான் அதைப் பதிவுக் குழுவுக்கு அனுப்பினேன். குழுவில் இப்போது எல்லோரும் புதியவர்கள். ஜூலையில் பதில் வந்தது: இரண்டாவது சாட்சி இருப்பதால் மீண்டும் பரிசீலிக்கிறோம், ஒப்புக்கொள்வதில் எங்கள் யாருக்கும் தடையில்லை. ஒரே ஒரு நடைமுறை. முதல் பார்வையாளர் புதிய படிவத்தில் மறுபடி கையெழுத்திட்டு அனுப்பவேண்டும். எங்கள் ஏரிக்கரையின் முதல் கருவால் மூக்கன், கண்டவர் நெட்டா வீப் என்று ஏடேறிவிடும்.

படிவத்தை நானே தட்டச்சு செய்தேன். பறவையின் பெயர், நாள், இடம், பழைய குறிப்பிலிருந்து வரிக்கு வரி விவரம். அவர் செய்யவேண்டியது ஒரு கையெழுத்து. ஆகஸ்ட் முதல் வாரம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே ஒருமுறை படித்தார். "யோசிக்கறேன்" என்று சொல்லி அந்த இழுப்பறையைத் திறந்து, கரண்டிகளுக்கு நடுவே வைத்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் ராஸுக்கு மருந்து கொண்டுபோவேன். அவர் மாத்திரையைப் பற்றிக் கேட்க மாட்டார். "போட்டாளா?" என்பார்.

"இன்னும் இல்ல, ராஸ்."

"நீ சொன்னியா, நான் கேட்டேன்னு?"

"சொன்னேன்."

"நான் இருக்கும்போதே ஆகணும்ப்பா. ஆனா அவள அவசரப்படுத்தாத." அடுத்த வெள்ளி, "போட்டாளா?"

ராஸ் கேட்டதை நெட்டாவிடம் சொன்னால் தலையசைப்பார், அவ்வளவுதான். மன்னித்துவிட்டாரா என்று தெரிந்துகொள்ள நான் தந்திரமாகச் சில கேள்விகள் கேட்டேன். தந்திரம் பலிக்கவில்லை. ஆனால் செப்டம்பரிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் நெட்டாவின் பழைய கார் ராஸ் வீட்டு வாசலில் நிற்பதை ஊரே பார்த்தது. அவரை ஏற்றிக்கொண்டு சதுப்பு வளைவு வரை போவார். என்ஜினை அணைத்து ஜன்னலை இறக்கிவிட்டு இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை அந்த வழியாகப் போனபோது நான் வண்டியை நிறுத்திப் பக்கத்தில் போனேன். ராஸ் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன பேசுறீங்க ரெண்டு பேரும்?" என்றேன் மெல்ல.

"அவர் தூங்குறாரு. நான் பாக்குறேன்."

"நெட்டா, இதுக்காகத்தானே இத்தனை வருஷம்... மூணு தடவை எழுதுனீங்க. ஒரு கையெழுத்து. அவருக்கும் நாள் அதிகமில்ல."

"எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்?"

அவர் கண்ணாடி வழியே முன்னால் பார்த்தார். "இவர் எல்ஸி கடையில சொன்ன அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்ததும் பீட்கிட்ட சொல்லத் திரும்பினேன். கட்டில்ல யாருமில்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் வண்டி ரோட்டுல நிக்குது. எவனாவது வந்து இடிக்கப்போறான், போ" என்றார்.

அது பதிலா என்று நான் இன்னும் யோசிக்கிறேன். அதைவிட அதிகமாக அவர் எதுவும் சொன்னதில்லை. ராஸ் மறு வருஷம் மார்ச்சில் இறந்தார். நெட்டா அதற்குப் பின் ஆறு வருஷம் இருந்தார், மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. நான் இரண்டு முறை நேராகவே ஏன் என்று கேட்டேன். ஒரு முறை மழையைப் பற்றிப் பேசினார். இன்னொரு முறை காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

படிவம் என் கைக்கு வந்தது ராஸ் இருக்கும்போதே, 2014 அக்டோபரில், ஒரு புதன்கிழமை. கண் அறுவைக்குப் பிறகு போடும் சொட்டு மருந்து வாங்கக் கடைக்கு வந்திருந்தார். மருந்தை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினேன். கல்லாமேசை மேல் அந்தத் தாள் இருந்தது. மடிப்பில் எண்ணெய்க் கறை.

"இன்னிக்குத் தபால்ல போயிடணும்" என்றார்.

நான் முதலில் அடியில்தான் பார்த்தேன். கையெழுத்து இருந்தது, அழுத்தமாக, நாளோடு. எனக்கு மனசு லேசாயிற்று. வெள்ளிக்கிழமை ராஸிடம் என்ன சொல்வேன் என்று வார்த்தைகள்கூடத் தயாராகிவிட்டன. பிறகுதான் கண் மேலே போயிற்று.

பறவையின் பெயர் என்ற இடத்தில் நான் தட்டச்சு செய்திருந்த 'கருவால் மூக்கன்' மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்திருந்தார். அதற்கு மேலே, பேருந்து வருகைப் பதிவேட்டில் முப்பத்தோரு வருஷம் எழுதிய அதே பெரிய எழுத்தில், 'ஹட்சன் மூக்கன்' என்று எழுதியிருந்தார். எண்பத்தெட்டில் அந்தக் கரைமேட்டில் ராஸ் சத்தமாகச் சொன்ன பெயர் அது; அந்தப் பெயரில் போனால் குழு எதையும் ஏடேற்றாது.

கீழே விவரத்தில் ஒரு எழுத்தைக்கூட அவர் தொட்டிருக்கவில்லை. இறக்கையை இரண்டு முறை தூக்கியது. இரண்டு முறையும் அடிப்பக்கம் வெள்ளை.

நான் நிமிர்ந்தபோது அவர் சொட்டு மருந்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வாசல் மணி ஒலிக்க வெளியே போய்க்கொண்டிருந்தார்.